கம்ப்யூட்டரில் டிக்கெட் இல்லாமல் ஏறியவர்கள்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் எவ்வளவு மெதுவாக ஓடியது என்பதை உள்ளபடி சொன்னால் நம்பமாட்டீர்கள். அதனால் கொஞ்சம் குறைத்தே சொல்கிறேன். ஒருநாள் காலை அதன் பொத்தானை அழுத்திவிட்டு, திண்டிவனத்தில் பஸ் ஏறி விழுப்புரம் போய், கூட வேலை பார்த்த ஒருவரின் கருமாதியில் சாப்பிட்டு, செத்தவர் நல்லவர்தான் என்று நாலு பேரிடம் பொய்யும் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். திரையில் மணல் கடிகாரம் இன்னும் நின்றுகொண்டிருந்தது. மணல் பாதிதான் இறங்கியிருந்தது.

இது 2008ஆம் வருஷத்துச் சங்கதி. நான் ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகனாக இருந்து ஓய்வு பெற்றவன். பெயர் அமிர்தசாமி. விழுப்புரம் ஜங்ஷனில் டிக்கெட் இல்லாமல் என்னைத் தாண்டிப் போனவன் கிடையாது. ஒருவன் மட்டும் மல்லாட்டை மூட்டைக்குள், அதுதான் வேர்க்கடலை மூட்டைக்குள், தன்னை வைத்துத் தைத்துக்கொண்டு வந்தான். மூட்டை தும்மியது. அபராதம் போட்டேன். அப்படிப்பட்டவன் வீட்டுக்குள்ளேயே திருட்டுப் பயணிகள் ஏறி உட்கார்ந்துகொண்டால் எனக்கு எப்படி இருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

என் வருத்தம் கிடக்கட்டும். மாட்டிக்கொண்டது என் மகள் அமல்ராணி. அவள் நர்ஸ். புதுச்சேரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குத் தினம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் வந்தாள். ஓமன் நாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் வேலைக்கு மனு போட்டு, அவர்களும் கூப்பிட்டிருந்தார்கள். சனிக்கிழமை காலை கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேட்டி. பேச முடியாமல் போனால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும், இரண்டாவது தடவை கிடையாது என்று கறாராக எழுதியிருந்தார்கள்.

ஒத்திகைக்காகத் தோழி ஒருத்தியிடம் கேமராவில் பேசிப் பார்த்தாள். தோழி தெரியவில்லை. அவள் முகத்தின் மேல், வழுக்கையில் முடி முளைக்கவைக்கும் தைலத்துக்கு ஒரு பெட்டி வந்து நின்றது. அதை மூடினால் லாட்டரி விழுந்திருப்பதாக ஒரு பெட்டி. அதையும் மூடினால், உங்கள் கம்ப்யூட்டரில் வேவுக்காரர்கள் புகுந்துவிட்டார்கள், விரட்டட்டுமா என்று கேட்டு ஒரு பெட்டி. வேவுக்காரனே வேவுக்காரனைக் காட்டிக்கொடுக்கும் நியாயத்தை நான் அங்கேதான் கண்டேன். இதற்குள் கம்ப்யூட்டர் மொத்தமாக உறைந்துவிட்டது. அமல்ராணி தலையில் கைவைத்துக்கொண்டாள். பிரவுசிங் சென்டரில் பேசிவிடலாமே என்பீர்கள். அங்கே பையன்கள் துப்பாக்கி விளையாட்டு ஆடுகிற சத்தத்தைக் கேட்டால், திண்டிவனத்தில் யுத்தம் நடக்கிறது என்று ஓமன்காரர்கள் போனை வைத்துவிடுவார்கள்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்த சித்தார்த்தன் ஏற்கெனவே இரண்டு தடவை எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றிக் கொடுத்திருந்தார். இரண்டு தடவையும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குள் பழையபடி ஆகிவிட்டது. மூன்றாவது தடவை கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போனபோது அவர் அதைத் தொடவே இல்லை.

"டி.டி.ஆர். சார், நான் அழிச்சிக்கினே இருக்கேன். உங்க வூட்ல யாரோ உள்ள விட்டுக்கினே இருக்காங்க. அது யாருன்னு மொதல்ல பாருங்க. சும்மா பேஜாரு பண்ணாதீங்க."

கோபம் வந்தது. ஆனாலும் அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டேன். இந்த வேவுக்காரன்கள் கதவை உடைத்துக்கொண்டு வருவது அபூர்வமாம். இலவசமாகப் பாட்டு தருகிறேன், சிரிக்கிற மூஞ்சி பொம்மை தருகிறேன், மவுஸின் அம்புக்குறியைப் பட்டாம்பூச்சியாக மாற்றித் தருகிறேன் என்று எதையாவது கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று, வரட்டுமா என்று கேட்பார்களாம். யாராவது ஆமாம் என்று அழுத்தினால் போதும். உள்ளே வந்தவன், நாம் எந்தப் பக்கம் போகிறோம், என்ன தட்டுகிறோம், கடவுச்சொல் என்ன என்று எல்லாவற்றையும் எழுதி எழுதி எங்கேயோ அனுப்பிக்கொண்டிருப்பான். தான் வந்தது போதாமல் மச்சான், சகலை எல்லோரையும் அழைத்துக்கொள்வான். அதனால்தான் கம்ப்யூட்டர் நகர மாட்டேன் என்கிறது.

மறுநாள் கூடத்தில் நாற்காலி போட்டு, செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு பரிசோதனைக்கு உட்கார்ந்தேன். தாளில் கண்ணுக்கு நேராக ஓட்டை. அமல்ராணி குளிக்கப் போயிருந்தாள். என் மனைவி சவுரியம்மாள் வந்தாள். வழக்கம்போல மாதா பாட்டு போட்டுக்கொண்டு சமைக்கலாம் என்று கம்ப்யூட்டரைத் திறந்தாள். பெட்டி ஒன்று குதித்தது. சவுரியம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, மரியாதையாக 'எஸ்'ஸை அழுத்தினாள். இன்னொன்று குதித்தது. அதற்கும் எஸ். வரிசையில் நின்றவன் அத்தனை பேருக்கும் எஸ். கல்யாணப் பந்தியில்கூட அவ்வளவு சரளமாக ஆளை உள்ளே விடமாட்டார்கள்.

செய்தித்தாளை மடித்தேன். இங்கிலீஷில் அவளுக்கு எஸ், நோ இரண்டுதான் தெரியும். தெரிந்துமா இப்படிச் செய்கிறாய் என்று கேட்டேன்.

"இன்னாத்துக்குக் கத்துறீங்க? வாசல்ல வந்து ஒருத்தன் கேக்கறான். மூஞ்சில அடிச்ச மாதிரி அந்த வார்த்தையச் சொல்லவா? அதுவும் காலங்காத்தால."

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சவுரியம்மாள் வாயில் 'இல்லை' என்ற சொல் வராது. வீட்டில் அப்படிச் சொன்னால் இல்லாமலே போய்விடும் என்பது அவள் அம்மா வீட்டு வழக்கம். அரிசி தீர்ந்துவிட்டால், அரிசி நெறைஞ்சிருக்கு என்பாள். கல்யாணமான புதிதில் அதை நம்பி நான் நிம்மதியாக டூட்டிக்குப் போய்விட்டேன். பசியோடு திரும்பிவந்து பானையைத் திறந்தபோதுதான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரிந்தது. அன்று முதல், எண்ணெய் நெறைஞ்சிருக்கு என்றால் புட்டியை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடுவேன். இப்படி இல்லை சொல்லாத வீட்டைத் தேடித்தான் உலகத்து வேவுக்காரன்கள் எல்லாம் திண்டிவனம் வந்திருக்கிறார்கள்.

சித்தார்த்தனை வீட்டுக்கே கூட்டிவந்தேன். சவுரியம்மாள் காபி கொடுத்தாள். இவர்தான் அந்தப் பாவிகளை வெட்டப்போகிறவரா என்று இரக்கத்தோடு விசாரித்தாள்.

அவர் முதலில் நெட் வயரைப் பிடுங்கினார். உள்ளே இருப்பவன் வெளியே சேதி சொல்லக்கூடாது, வெளியே இருப்பவன் புதிதாக ஏறக்கூடாது. இரண்டு பக்கமும் பிளாட்பாரம் இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டுச் சோதிப்பது மாதிரி. எனக்குப் புரிந்தது. பிறகு கம்ப்யூட்டரை அணைத்து, திறக்கும்போதே எஃப் எட்டு என்ற விசையைத் தட்டி 'சேஃப் மோடு' என்ற இடத்துக்குக் கொண்டுபோனார். அங்கே எஞ்சின் மட்டும் ஓடும். வழக்கமாகத் தொற்றிக்கொள்கிறவன்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஏற வழி கிடையாது.

அதற்கப்புறம் கண்ட்ரோல் பேனலில் இருந்த பெயர்ப் பட்டியலைத் திறந்து, இது நீங்க போட்டதா, இது யாரு போட்டது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கழித்தார். பட்டாம்பூச்சி போனது. மூஞ்சி பொம்மை போனது. வேவுக்காரனை விரட்டுவதாகச் சொன்ன பெரிய மனுஷன்தான் போக மறுத்தான். போவதற்கு முன் கடைசியாக ஒருதரம் யோசிக்கிறீர்களா என்று ஒரு பெட்டி காட்டினான். சவுரியம்மாளின் கை தானாக நீண்டது. பிடித்து இழுத்துக்கொண்டேன்.

கம்ப்யூட்டர் திறக்கும்போதே கூட எழுந்திருப்பவர்கள் யார் யார் என்று இன்னொரு பட்டியல். அதில் தெரியாதவன் எதிரே இருந்த குறியை எடுத்துவிட்டார். எடுத்த இரண்டு பேர் மறுபடியும் முளைத்தார்கள். ஒருவனை நிறுத்தினால் மற்றவன் அவனை எழுப்பிவிடுகிறானாம். எனக்கு இது புதிதல்ல. திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்து அண்ணன் தம்பி இரண்டு பேரை இப்படித்தான், ஒருவனை இறக்கினால் மற்றவன் ஜன்னல் வழியாக இழுத்துக்கொள்ள, விருத்தாசலம் வரைக்கும் இறக்கிக்கொண்டே போனேன். இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் பிடித்தால்தான் முடியும் என்றேன். அதத்தான் சார் பண்ணப்போறேன், கொஞ்சம் சும்மா இருங்க என்றார். கையோடு கொண்டுவந்த சீடியிலிருந்து நிஜமான துப்புரவுக்காரனை ஏற்றி, மூலை முடுக்கெல்லாம் தேடவிட்டார். பழைய நிலைக்குத் திரும்ப என்று கம்ப்யூட்டர் சேமித்துவைக்கும் பரணில்கூட நாலு பேர் படுத்திருந்தார்கள். அந்தப் பரணையும் காலி செய்தார். கடைசியாக அமல்ராணியைத் தன் கடைக்கு வரச் சொல்லி, அங்கிருந்த சுத்தமான கம்ப்யூட்டரில் மெயிலின் கடவுச்சொல்லை மாற்றவைத்தார். பழையதை அவன்கள் எப்போதோ படித்திருப்பார்கள்.

சவுரியம்மாளுக்குத் தனியாக ஒரு கணக்குத் திறந்து கொடுத்தார். அதில் எஸ் அழுத்தினாலும் புதிதாக எதுவும் உள்ளே வராது. அப்ப என் ஓட்டு செல்லாத ஓட்டா என்று அவள் கேட்டாள். அவர் காபியை எடுத்துக் குடித்தார்.

போகும்போது ஒரே ஒரு விதி சொன்னார். "எது கேட்டாலும், கேக்கறது யாருன்னு மொதல்ல பாருங்கம்மா. தெரியலையா, நோ போடுங்க."

நோ என்பதும் இல்லை என்பதும் ஒன்றுதானே என்று அவளுக்குச் சங்கடம். இங்கிலீஷில் சொன்னால் பாவம் சேராது என்று நான் தீர்ப்புச் சொன்னேன். சொன்னது தப்பாகப் போயிற்று. அத்தனை வருஷமாக அடக்கிவைத்திருந்தது மடை உடைத்துக்கொண்டது. பால்காரருக்கு நோ. கோயில் வரி கேட்டு வந்த உபதேசியாருக்கு நோ. இரண்டாவது காபி கேட்ட எனக்கு நோ. தெருநாய் ஒன்று வாசலில் வந்து நின்று அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானாகவே திரும்பிப் போனது.

சனிக்கிழமை வந்தது. கம்ப்யூட்டர் பொத்தானைத் தொட்டவுடன் திறந்துகொண்டது. அமல்ராணி எல்லாவற்றையும் தயாராக வைத்துவிட்டு, நேரம் இருக்கிறதே என்று புடவை மாற்ற உள்ளே போனாள். ஓமன்காரர்கள் நேரத்துக்கு முன்பே கூப்பிட்டுவிட்டார்கள். திரையில் பெட்டி குதித்தது. பச்சையில் ஒரு பொத்தான், சிவப்பில் ஒரு பொத்தான். மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்த சவுரியம்மாள் கேட்பது யார் என்று பார்த்தாள். தெரியவில்லை. சிவப்பை அழுத்தினாள். மறுபடி வந்தது. மறுபடியும் அழுத்தினாள். நான் கொல்லையிலிருந்து வந்தபோது, ஒருத்தன் ரெண்டு வாட்டி வந்தான், துரத்திட்டேன் என்று பெருமையாகச் சொன்னாள்.

அமல்ராணி கொசுவத்தைக் கையில் பிடித்தபடியே ஓடிவந்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. நாற்காலியில் உட்கார்ந்து, போச்சும்மா, நீங்க ரெண்டு பேரும் சேந்து முடிச்சிட்டீங்க என்று மட்டும் சொன்னாள். இடம் அடுத்த ஆளுக்குப் போய்க்கொண்டிருக்கும் சத்தம் எனக்கே கேட்டது. சவுரியம்மாள் துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

அப்போது மூன்றாவது தடவை பெட்டி குதித்தது. அமல்ராணி பச்சையை அழுத்திய வேகத்தில் மேஜை நகர்ந்தது.

திரையில் ஒரு மலையாளத்து மேட்ரன் அம்மா. கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, இரண்டு தடவை ஏன் துண்டித்தாய் என்று கேட்டார். லைன் சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் புயலையே வரவழைத்திருப்பேன். அமல்ராணி நடந்ததை நடந்தபடி இங்கிலீஷில் சொன்னாள். வேவுக்காரர்கள், அம்மா, எஸ், நோ, எல்லாம். மேட்ரன் சிரிக்கவில்லை. காகிதத்தில் ஏதோ குறித்துக்கொண்டார்.

பிறகு ஊசி, மருந்து, ரத்தக்கொதிப்பு என்று கேள்விகள் போயின. அமல்ராணி சொல்லிக்கொண்டே வந்தாள். கடைசியாக ஒரு கேள்வி. பெரிய டாக்டர் ஒருவர் அவசரத்தில் ஒரு மருந்தின் அளவைச் சொல்கிறார். அளவு அதிகம் என்று உனக்குத் தோன்றுகிறது. அவர் கோபக்காரர், கொடு என்கிறார். கொடுப்பாயா? எஸ் ஆர் நோ?

அமல்ராணியின் வாய் திறந்தது. சொல் வரவில்லை. இல்லை என்று சொல்லக் கேட்காத வீட்டில் வளர்ந்தவள். புதுச்சேரி ஆஸ்பத்திரியிலும் டாக்டர் சொன்னதற்கு எஸ் டாக்டர் என்றே பழகியவள்.

கதவோரம் நின்றிருந்த சவுரியம்மாளுக்கு அத்தனை பேச்சில் புரிந்தது கடைசியில் வந்த எஸ்ஸும் நோவும்தான். இவ்வளவு நேரமாக மகளைக் குடைகிற இந்த அம்மா யாரென்றும் அவளுக்குத் தெரியாது.

"நோ போடுடி," என்றாள்.

"நோ, மேடம்," என்றாள் அமல்ராணி. அதற்குப் பிறகு அவளுக்கே பேச்சு வந்துவிட்டது. கொடுக்கமாட்டேன், அவரிடம் திரும்பக் கேட்பேன், கோபப்பட்டால் படட்டும், சரிபார்த்த பிறகுதான் கொடுப்பேன் என்றாள். மேட்ரன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கதவுப் பக்கம் எட்டிப் பார்த்தார். அப்போதுதான் சிரித்தார்.

கொஞ்ச நாளில் மெயில் வந்தது. வேலை கிடைத்துவிட்டது, வருகிறாயா என்று கேட்டிருந்தார்கள். அமல்ராணி வருகிறேன் என்று பதில் தட்டி, அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். உடனே ஒரு பெட்டி குதித்தது. அவளுக்குக் கை ஓடவில்லை. திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

"யாருடி கேக்கறது?" என்றாள் சவுரியம்மாள்.

"நம்ம கம்ப்யூட்டர்தாம்மா. லெட்டருக்குத் தலைப்பு போடல. அப்படியே அனுப்பவான்னு கேக்குது."

"ஒன்ன அனுப்பினா எவ்ளோ நாளைக்கு?"

"ரெண்டு வருசம்மா."

சவுரியம்மாள் இரண்டு பொத்தானையும் பார்த்தாள். நோ எங்கே இருக்கிறது என்று அவளுக்கு இப்போது நன்றாகவே தெரியும். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எஸ்ஸை அழுத்தினாள். அழுத்திவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பின்னாலேயே போனேன். அவள் காலியான அரிசிப் பானையைக் கழுவிக்கொண்டிருந்தாள். இவள் போய்விட்டால் வீடு எப்படி இருக்கும் என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டுவைத்தேன்.

"நெறைஞ்சிருக்கும்," என்றாள்.