விடு என்றால் விடும்

துரை அவள் கைக்கு வந்த முதல் நாளிலேயே அவளுடைய இடது சுண்டுவிரலில் பாதியைக் கடித்துத் துப்பியது. விழுங்கக்கூட இல்லை. அதுதான் அவளுக்கு அதிகம் உறைத்தது.

"கையை ஏன்டி கூண்டுக்குள்ளே நீட்டினே?" என்றாள் அக்கா. தங்கையின் காயத்தைப் பார்ப்பதற்கு முன் துரையின் வாயைத்தான் பார்த்தாள், பல் எதுவும் ஆடுகிறதா என்று.

அக்கா அந்த ஆய்வுக்கூடத்தின் தலைமை விஞ்ஞானி. கண்ணாடித் தொட்டிக்குள் துரையை உருவாக்கியவள். கன்றுக்குட்டி அளவில் சிங்க உடம்பு, அது முழுக்கப் பச்சையும் நீலமுமாகச் செதில், நெற்றியில் ஒற்றைக் கொம்பு, பறக்க உதவாத இரண்டு இறக்கைகள். கதைப் புத்தகத்திலிருந்து இறங்கி வந்த மாதிரி ஒன்று வேண்டும் என்று கேட்டவர் ஒரு கேளிக்கைப் பூங்கா முதலாளி. ஒரு வேலையும் செய்யாமல் எல்லோரையும் முறைத்துக்கொண்டு படுத்திருந்ததால், கூண்டு கழுவுகிறவர் அதற்கு வைத்த பெயர் துரை. அக்கா வைத்த நீளமான பெயர் யார் வாயிலும் நுழையவில்லை.

தங்கை காவல் நாய்களைப் பழக்கிவந்தவள். வேறு யாரும் அந்தக் கூண்டுக்குள் காலெடுத்து வைக்கச் சம்மதிக்காததால்தான் அக்கா அவளைக் கூப்பிட்டாள். சின்ன வயதிலிருந்தே இருவருக்கும் ஆகாது. ஒரே சீப்பைப் பங்கு போட்டு வளர்ந்தவர்கள், அந்தச் சீப்புக்கும் சேர்த்துச் சண்டை போட்டவர்கள்.

அவள் துரையைக் கொஞ்சவில்லை. துரையும் குழையவில்லை. 'வா', 'நில்', 'விடு' என்று மூன்று சொற்களைப் பழக்குவதற்குள் அவளுடைய கைகளெல்லாம் தழும்பாகிவிட்டன. பழகிய பிறகும் உறுமிக்கொண்டேதான் சொன்னபடி கேட்டது. ஒருமுறை அவள் காய்ச்சலில் படுத்துவிட, திரும்பி வரும்வரை அது இறைச்சியைத் தொடவில்லை. வந்தவளைக் கண்டதும் தீனி வாளியைக் கொம்பால் தூக்கி அவள் மேலேயே கவிழ்த்தது.

"துரைக்குக் கோபம்மா," என்றார் கூண்டு கழுவுகிறவர்.

"இருக்கட்டும். எனக்கும்தான் இருக்கு." தலையில் ஒட்டிய கொழுப்பை வழித்துப் போட்டாள். ஆனாலும் அது தின்று முடிக்கும்வரை அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

பூங்கா முதலாளி பார்க்க வருகிற நாள் வந்தது. துரையின் நடையிலேயே ஏதோ சரியில்லை என்று அவளுக்குப் பட்டது. பின்னங்கால்கள் பின்னின. கண்ணில் வழக்கமான எரிச்சல் இல்லை, வெறும் மூட்டம்.

"அக்கா, இதுக்கு என்ன குடுத்தே?"

"கொஞ்சம் அமைதியா இருக்க மருந்து. அவர் தொட்டுப் பார்க்கணும்னு ஆசைப்படறார்."

"அரை மயக்கத்துல யார் யார்னே தெரியாது அதுக்கு. அவரை உள்ளே விடாதே."

"நீ தொட்டாத்தான் அடங்கும்னு காட்டிக்கணும் உனக்கு. அந்த வயித்தெரிச்சல் இன்னும் போகலையா?"

முதலாளி சிரித்த முகமாக உள்ளே போய் இறக்கையைப் பிடித்து விரித்தார். துரை திடுக்கிட்டுத் திரும்பி அவர் முழங்கையைக் கவ்வியது. எலும்பு நொறுங்கிய சத்தம் வெளியே வரை கேட்டது.

"விடு!" என்று கத்திக்கொண்டு தங்கை உள்ளே பாய்ந்தாள். தள்ளாடிய நிலையிலும் அந்தக் குரல் அதற்குப் புரிந்தது. விட்டது.

முதலாளி மருத்துவமனைக்குப் போனார். அடுத்த நாள் காலையில் நிர்வாகத்திடமிருந்து உத்தரவு வந்தது: மிருகத்தை முடித்துவிட வேண்டும். செதிலில் ஊசி இறங்காது, விஷம் வைக்கலாமென்றால் அது இறைச்சியைத் தொடவில்லை. விஷவாயு அறைக்குள் வரவழைத்துத்தான் கொல்ல முடியும். யார் கூப்பிட்டாலும் துரை கூண்டின் மூலையைவிட்டு அசையவில்லை.

"நீ கூப்பிட்டா வரும்," என்றாள் அக்கா, முகத்தைப் பார்க்காமல்.

"மருந்து வச்ச விஷயம் நிர்வாகத்துக்குத் தெரியுமா?"

அக்கா வாயு அறைக் கதவைத் திறந்துவிடப் போனாள்.

தங்கை வாயு அறைக்குள் போய் நின்று, "வா," என்றாள். துரை உறுமிக்கொண்டே வந்தது. அது உள்ளே நுழைந்ததும் கதவைச் சாத்தி உட்புறமாகத் தாழ்ப்பாளைப் போட்டாள்.

கண்ணாடிக்கு வெளியே அக்காவின் முகம் வெளுத்துப்போனது. "ஏய், வெளியே வாடி!" ஒலிபெருக்கியில் அவள் குரல் கரகரத்தது.

"வாயுக் குழாயைத் திறக்கிறதுன்னா திற. இல்லேன்னா அவங்களைக் கூப்பிட்டு நடந்ததைச் சொல்லு. நான் கேட்கிற மாதிரி சொல்லு."

"என் வேலை போயிடும்."

"இதுக்கு உயிரே போகுது."

அறை சிறியது. அடைபட்ட துரைக்கு வெறி ஏறியது. அவளைச் சுவரோடு அழுத்தி, கழுத்தருகே பற்களைக் காட்டியது. மூச்சில் பழைய இரத்த வாடை. அவளுக்குப் பயத்தோடு கோபமும் பொங்கியது. "கடிக்கணும்னா கடிச்சுத் தொலை," என்று அதன் முகத்துக்கு நேராகவே திட்டினாள். துரை அவள் சட்டைக் காலரைக் கவ்வி இழுத்துக் கிழித்தது. தோலில் பல் படவில்லை.

கண்ணாடிக்கு அப்பால் அக்கா ஒலிபெருக்கியை அணைக்காமலே தொலைபேசியை எடுத்தாள். வார்த்தைகள் திக்கித் திக்கி வந்தன. இறைச்சியில் மருந்து கலந்தது தான்தான் என்றாள். தங்கை தடுத்ததையும் சொன்னாள். எதிர்முனையில் யாரோ கத்தியது வாயு அறைவரை கேட்டது.

உத்தரவு நின்றுபோனது. அக்கா வேலையை இழந்தாள். பூங்காவுக்கு இனி அது வேண்டாம் என்றாகிவிட்டதால், துரையை ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்றில் வேலி போட்டு விட்டார்கள். அதைப் பார்த்துக்கொள்ளும் வேலையைத் தங்கை ஏற்றுக்கொண்டாள்.

அதன் பிறகு வெகுநாள் அக்காவும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை. அக்கா ஒரே ஒருமுறை குவாரிக்கு வந்து வேலிக்கு வெளியே நின்றாள். துரை ஓடிவந்து கம்பியில் கொம்பை மோதியது. அவள் பின்வாங்கினாள்.

"நான்தானே உன்னை உண்டாக்கினேன்," என்று அதனிடம் மெல்லச் சொன்னாள். பிறகு தங்கையிடம், "உன்னை இப்பவும் கடிக்குதா?" என்று கேட்டாள்.

"கடிக்கும்."

"அப்புறம் எதுக்குடி இதோட கிடந்து மாரடிக்கிறே?"

துரை இன்னும் கம்பியைக் குத்திக்கொண்டிருந்தது. "நில்," என்றாள் தங்கை. அது நின்றது. அவள் இறைச்சித் துண்டை எடுத்துக்கொண்டு வேலிக் கதவைத் திறந்து உள்ளே போனாள்.