ஆவுடைத்தாய்க்கு விழுந்த சீட்டு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என் மூளையில் உதித்ததில்லை. செங்கோட்டை பாசஞ்சரில் எதிர் இருக்கையில் வந்த ரீபா சொன்னது. பாளையங்கோட்டைப் பெண். மாரடைப்பு யாருக்கு வரும், எதனால் வரும் என்று ஊர் ஊராகப் போய் ஆராய்கிற குழுவில் வேலை. வீடு வீடாக ஏறி ரத்த அழுத்தம் பார்ப்பாள், இடுப்பை நாடாவால் அளப்பாள், உப்பு, புகை, உறக்கம் எல்லாம் விசாரிப்பாள். எழுதலாமா என்று கேட்டேன். "பேரை மாத்திருங்க சார்" என்றாள். மாற்றிவிட்டேன், அவள் பேர் உட்பட.

2

இப்படித் தொடங்கினேன்: 'தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களின் இதயம்...'

அடித்துவிட்டேன். ஆற்றைக் கூப்பிட்டு ஆரம்பித்தால் கதை நேரே கடலுக்குப் போய்விடும்.

அடுத்தது: 'சிவசண்முகம் சாகிற வயதை எட்டியிருந்தார்.' கொஞ்சம் அதிகப்படிதான். ஆனால் அவர் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஆழ்வார்குறிச்சியில் உரக்கடை வைத்திருக்கிற மனிதர். அப்பாவும் அண்ணனும் ஐம்பதைத் தாண்டியதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார்கள். (இரண்டு பேருக்கும் வாயு என்று சொல்லிச் சோடா வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள்.) இவருக்கும் இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார்.

அவர் மனைவி ஆவுடைத்தாய்க்கு வேறு கவலை கிடையாது. ஆய்வுக்காரர்கள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், கடையைத் திறக்கவிடாமல், சலவைச் சட்டை மாட்டி அவரை நாற்காலியில் உட்கார்த்திவிட்டாள்.

3

ஆய்வுக்கு ஒரு விதி உண்டு. வீட்டுக்கு ஒருவரைத்தான் பார்க்கலாம். அது யார் என்று ரீபா கையிலிருக்கும் டேப்லெட் கணினி குலுக்கிப்போட்டுச் சொல்லும். டேப், ஆவுடைத்தாய் என்றது.

"எனக்கு என்னத்துக்கும்மா? நான் கல்லு கணக்கா இருக்கேன். அவ்வோளைப் பாருங்க" என்று புருஷனைக் காட்டினாள்.

"ஆளை மாத்தக் கூடாதுக்கா."

சிவசண்முகத்துக்கு உயிர் வந்தது. "உக்காருட்டி. பிள்ளை வேலையைப் பாக்கட்டும்."

உட்கார்ந்தாள்.

"மாடி ஏறுனா மூச்சு வாங்குதாக்கா?"

"பாதியில நின்னுருவாவ."

"ராத்திரி நல்லா உறங்குதியளா?"

"குறட்டையா விடுவாவ. சத்தம் நின்னா எந்திரிச்சு, மூச்சு வருதான்னு பாத்துக்கிடுவேன்."

"அக்கா, உங்களைத்தான் கேக்கேன்."

"நானும் அதைத்தான சொல்லுதேன்."

(ரயிலில் இதைக் கேட்டு நான் சிரித்தேன். ரீபா சிரிக்கவில்லை.)

"சமையல்ல உப்பு எப்படி?"

"அவ்வோ அண்ணன் போனதுலேருந்து குழம்புல பாதி உப்புதான்."

ரீபாவுக்குப் பரம திருப்தி. என்னவோ தோன்றி, டேப்பில் இல்லாத கேள்வி ஒன்றையும் கேட்டாள். "நீங்களும் அதையா சாப்பிடுதிய?"

"எனக்கு அது எறங்காதும்மா. அவ்வோ சாப்பிட்டு எந்திரிச்ச பொறவு, மோரை ஊத்தி, நார்த்தங்கா ரெண்டு துண்டு, மோர்மிளகா நாலு, அப்பளம்னு முடிச்சுக்கிடுவேன். அதெல்லாம் ஒரு சாப்பாடா? அதைப் போயி எழுதாத."

4

கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தாள். நூற்றுத் தொண்ணூற்றைந்து. ஆற அமர உட்காரவைத்து மறுபடி பார்த்தாள். இறங்கவில்லை.

"தலைவலி உண்டாக்கா?"

"காலையில இருக்கும். காப்பி குடிச்சா போயிரும்."

"இன்னைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போகணும்க்கா. தள்ளிப்போடக் கூடாது."

"மிஷின் பழுதா இருக்கும். அவ்வோளுக்குப் போட்டுப் பாரு."

விதிப்படி கூடாதுதான். ஆனாலும் போட்டாள், எழுதிக்கொள்ளவில்லை. சிவசண்முகத்துக்கு அழுத்தம் சரியாகவே இருந்தது.

ஆவுடைத்தாய் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில் அழுதாள். இத்தனை வருஷம் காவல் இருந்தது வீண்போகவில்லை என்று பிள்ளையாரைக் கூப்பிட்டாள். தனக்கு வந்த எண் அவளுக்கு ஞாபகமே இல்லை. அடுக்களைக்குப் போய்க் கேசரிக்கு ரவை வறுக்க ஆரம்பித்துவிட்டாள்.

5

இங்கே எனக்குப் பேனா நின்றுவிட்டது. ஒரு முடிவு எழுதினேன்: மாத்திரை சாப்பிட்டுத் தம்பதி நெடுநாள் சுகமாக இருந்தார்கள். சுகாதாரத் துறைச் சுவரொட்டி மாதிரி இருந்தது. இன்னொன்று: 'மகள் சித்ரலேகாவுக்கு வளைகாப்பு முடியட்டும் என்று தள்ளிப்போட்ட ஆவுடைத்தாய், அன்று சாயங்காலம் அடுக்களையில்...'

முடியவில்லை. அந்த வாக்கியத்தை எழுத எனக்கு மனசு இல்லை. ஆவுடைத்தாயை எனக்குப் பிடித்துப்போய்விட்டது, அவ்வளவுதான்.

நடந்ததையே சொல்கிறேன். சிவசண்முகம் ஆஸ்பத்திரிக்கு வா என்று மூன்று தடவை கூப்பிட்டார். மூன்று தடவையும் வளைகாப்பையே சொன்னாள். மனிதர் எழுந்து அடுக்களை வாசலுக்கு வந்தார். பிறகு நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்.

"ஏட்டி ஆவுடை. எனக்கு இங்கன என்னமோ பண்ணுது. ஆஸ்பத்திரிக்குப் போவமா?"

"இப்பத்தான சரியா இருக்குன்னு சொல்லுச்சு!"

"மிஷின் பழுதுன்னு நீதான சொன்ன?"

அடுப்பை அணைத்தாள். கட்டின சேலையோடு, செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடி ஆட்டோவைக் கூப்பிட்டாள். "பைய வாங்க, பைய" என்று அவரைத் தோளில் சாய்த்து ஏற்றினாள். அவர் ரீபாவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். கண் நிறைந்திருந்தது.

இதைச் சொல்லும்போதே அம்பாசமுத்திரம் வந்துவிட்டது. ரீபா பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

மிச்சத்தை நீங்கள்தான் எழுதவேண்டும். ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறது. சீட்டு எழுதுகிறவர் நிமிர்ந்து, "யாருக்கு?" என்று கேட்கிறார். ஆவுடைத்தாய் வாயைத் திறக்கப்போகிறாள். அதற்குள் சிவசண்முகத்தைப் பேசவிடுங்கள்.