இடப்பக்கம் நகர்ந்த வளைகோடு

ஜார்ஜ் டவுன் துறைமுக அலுவலகத்தில் படம் வரையும் இராயப்பன், தன் கல்யாணத்துக்குத் தானே கடலைக் கணக்குப் போட்டான். வேறு யாரையாவது கேட்டிருக்கலாம்; ஆனால் வித்தை தெரிந்தவன் கை சும்மா இருக்குமா? மணப்பெண் மார்த்தா, கன்னிமாடப் பள்ளியில் கணக்கு டீச்சர். கல்யாணம் நடக்கும் அவளுடைய ஊர் கடலுக்கு அக்கரையில், சிம்பாங் அம்பாட் பக்கத்து ஆற்றங்கரை. ஆற்றுவாயில் ஒரு சேற்றுத் திட்டு. கடல் ஏறியிருந்தால்தான் படகு தாண்டும்.

ஜார்ஜ் டவுனில் கல்யாணச் சனிக்கிழமையன்று கடல் ஏறி வற்றும் வளைகோடு இராயப்பனிடம் இருந்தது. ஆற்றுவாயிலும் அதே வளைவுதான். நாற்பது நிமிடம் தாமதம், உயரம் ஓரடி குறைவு, அவ்வளவே. வளைகோட்டை மெல்லிய தாளில் பிரதியெடுத்து, கட்டம் போட்ட காகிதத்தின்மேல் வைத்து நகர்த்தினான். ஓரடி கீழே, நாற்பது நிமிடம் இடப்பக்கம். ஒன்பது மணி உச்சம் எட்டு இருபதுக்கு வந்து உட்கார்ந்தது. பெருமை தாங்காமல் மார்த்தாவுக்கும் ஒரு பிரதி அனுப்பி வைத்தான்.

அந்தச் சனிக்கிழமையை விட்டால் மறுநாள் ஆகமன காலம் தொடங்கிவிடும். கிறிஸ்துமஸ் முடியும்வரை கல்யாணப் பூசை கிடையாது. பூசையும் நண்பகலுக்குள் தொடங்கியாக வேண்டும். அக்கா அமலம்மாளோ மூன்று சேலை மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினாள். படகு ஆற்றுவாய்க்கு வந்தபோது மணி ஒன்பது. சேற்றில் அழுந்தி நின்றுவிட்டது.

இராயப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது. "போச்சுக்கா. எட்டு இருபதுக்கே உச்சம் முடிஞ்சிருச்சு. இனி வத்தும். ராத்திரிதான் மறுபடி ஏறும்." பூசையில் நன்மை என்னும் திருவப்பம் வாங்குவதற்காக நள்ளிரவிலிருந்து பட்டினி, மடியில் பலகாரக் கூடை வேறு.

படகோட்டி கமாலுதீன் எட்டிப் பார்த்தார். "நான் இந்தப் பக்கம் வந்ததில்ல. ஆனா தண்ணி ஏறுதுலா, தம்பி."

"காகிதத்துல வத்துதே அண்ணே."

கமாலுதீன் கழியைச் சேற்றில் ஊன்றி, அமலம்மாளின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பெடுத்து, நீர்மட்டத்தில் ஒரு கோடு இழுத்தார். எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கால்மணி நேரத்தில் கோடு தண்ணீருக்குள் போயிற்று.

இராயப்பன் காகிதத்தை விரித்தான். தாமதம் என்றால் உச்சம் வலப்பக்கம் அல்லவா போக வேண்டும்? ஆற்றின் ஒன்பது மணிக்கு ஜார்ஜ் டவுனின் எட்டு இருபதைப் பார்க்க வேண்டுமென்று நாற்பதைக் கழித்தவன், வளைவையும் கழித்த பக்கமே தள்ளியிருந்தான். உண்மையான உச்சம் ஒன்பது நாற்பது.

"ஏறும் அண்ணே. இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம் ஏறும்" என்று எழுந்து ஆடியவனை அக்கா பிடித்து உட்கார வைத்தாள். ஒன்பதரைக்குப் படகு மெல்ல அசைந்து மிதந்தது.

கோயில் வாசலை அடைந்தபோது மணி பத்தரை. பூசை பத்துக்கு. மார்த்தா வாசலிலேயே நின்றாள்.

"சாமியார் போயிட்டாரா?"

"உள்ளதான் இருக்காரு. பூசைய பதினொண்ணுக்கு மாத்தச் சொல்லிட்டேன். உங்க காகிதம் நேத்து சாயங்காலந்தான் கைக்கு வந்துச்சு." ஜெபப் புத்தகத்துக்குள்ளிருந்து அதை எடுத்துக் காட்டினாள். வலப்பக்கத்தில், ஒன்பது நாற்பதில் உச்சம் வைத்து, சிவப்புப் பென்சிலில் இன்னொரு வளைகோடு.

இராயப்பன் அசடு வழிந்தான். "ஓரடி இறக்குனதாவது சரியா?"

"அது சரி. இனிமே மேலே கீழே நீங்க பாருங்க. இடம் வலம் நான் பாத்துக்கிறேன்."