ட்ரிப்பரைத் தாண்டிப் போட்ட கம்பி

எங்கள் குவாரியில் வேலை பார்த்த அயாத் எந்தக் கேபிள் ஜாயின்ட்டை மிதித்துச் செத்தானோ, அந்த ஜாயின்ட்டைப் போட்டவன் நான்.

மின்யா மாகாணத்தில் ஆற்றுக்குக் கிழக்கே இருக்கும் வெள்ளைக்கல் குவாரிகளில் கேபிள் அறுந்தால் டேப் சுற்றுவதுதான் வழக்கம். கல் அறுக்கும் ரம்ப வண்டி தண்டவாளத்தில் போகும்போது பின்னாலேயே கேபிளும் தரையில் இழுபட்டுக்கொண்டு போகும். மாதத்துக்கு நாலு தடவையாவது எங்காவது அறுபடும். நான் உரித்து, முறுக்கி, டேப் சுற்றிக் கொடுப்பேன். எனக்கு முன்னால் இருந்த எலக்ட்ரீஷியனும் அதைத்தான் செய்தார். அயாத் தேய்ந்து ஓட்டையான செருப்போடு அப்படிச் சுற்றிய ஒன்றின்மேல் கால் வைத்தான். ஜெனரேட்டரை நிறுத்துவதற்குள் முடிந்துவிட்டது.

என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தொழிலாளர் அலுவலகத்திலிருந்து இன்ஸ்பெக்டர் அம்மா நக்வா வந்தார்; உஸ்தாதா என்றுதான் அவரை மரியாதையாகக் கூப்பிடுவோம். முதலாளி ஹாஜ் ஷஹாத்தாவுக்கு அபராதம் எழுதினார். ஹாஜ் அதைக் கட்டினார். மறுநாள் விடியும் முன்னே ஆட்களை ஏற்றிய பிக்கப் வண்டி வழக்கம்போல வந்து நின்றது.

அடுத்த வருடம் அந்த அலுவலகமும் குவாரி முதலாளிகள் சங்கமும் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. பதினான்கு குவாரிகள் சேர்ந்தன. ஒவ்வொரு ரம்பத்துக்கும் ஒரு ட்ரிப்பர் வைக்க வேண்டும். மின்சாரம் துளி கசிந்தாலும் கண்ணிமைக்கும் நேரத்தில் அறுத்துவிடும் பெட்டி அது. பாதி விலை அரசாங்கம் கொடுக்கும். சேர்ந்தவர்கள்மேல் ஒரு வருடத்துக்கு அபராதம் கிடையாது. மாதம் ஒரு தடவை நக்வாவும் வேறொரு குவாரியின் முதலாளியும் சேர்ந்து வந்து பார்ப்பார்கள். நடந்த விபத்தையும், நடக்கவிருந்து தப்பிய விபத்தையும் மறைக்காமல் எழுதிக் கொடுக்க வேண்டும். மறைத்தால் ஒப்பந்தத்திலிருந்து வெளியே அனுப்பிவிடுவார்கள். பழைய வழக்குகளெல்லாம் திரும்பக் கிளம்பும்.

“பதினோரு வருஷமா அபராதப் புத்தகத்தோட இங்க வர்றேன்,” என்று நக்வா முதல் நாள் எங்களிடம் சொன்னார். “என் வண்டி தூரத்துல வந்தாலே நீங்க ஒளிச்சு வைக்கிறதை ஒளிச்சு வச்சிருவீங்க. நானும் பார்க்காத மாதிரி போயிருக்கேன். இனிமே ஒளிக்காதீங்க, அவ்வளவுதான் கேக்குறேன்.”

“நாங்க என்னத்த ஒளிக்கப் போறோம், உஸ்தாதா? எங்க மூஞ்சியே பொடியில ஒளிஞ்சு கெடக்கு,” என்றான் ரம்பம் ஓட்டும் ஹம்தான். எல்லோரும் சிரித்தார்கள். நக்வாவும் சிரித்தார்.

பெட்டிகளை நான்தான் மாட்டினேன். அது லேசான வேலையல்ல. காய்ந்த சுண்ணாம்புக்கல்லில் எர்த் பிடிக்காது. இடுப்பளவு குழி வெட்டி, உப்பும் கரியும் போட்டு, தினமும் காலையில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினேன். ஒரு நோட்டுப் போட்டு, பெட்டி எப்போது விழுந்தது, அதாவது மின்சாரத்தை அறுத்தது, எத்தனை தடவை விழுந்தது என்று எழுத ஆரம்பித்தேன். அப்படி எழுதச் சொன்னது நக்வா.

டிசம்பரில் பெரிய தொந்தரவு இல்லை. ஜனவரியில் ஆற்றிலிருந்து மூடுபனி எழுந்து வந்தது. தரையில் கிடந்த பொடி மாவுபோல் குழைந்து, கேபிளில் இருந்த பழைய ஜாயின்ட்டுகளுக்குள் இறங்கியது. பெட்டி விழ ஆரம்பித்தது. முதல் வாரத்தில் முப்பத்தொரு தடவை. ஒவ்வொரு தடவையும் ரம்பம் நிற்கும். நான் ஓடி வந்து எந்த ஜாயின்ட் என்று தேட வேண்டும். வெட்டுகிற கல்லுக்குத்தான் கூலி. ரம்பம் நின்றால் கூலியும் நின்றது.

“உன் பெட்டிக்கு ஜலதோஷம் பிடிச்சா எங்க வீட்ல சோறு கெடையாதா, இன்ஜினியரே?” என்று ஹம்தான் கத்துவான். நான் இன்ஜினியர் இல்லை. அதனால்தான் அவன் அப்படிக் கூப்பிடுவான்.

நாங்கள் ரயீஸ் என்று கூப்பிடும் மேஸ்திரி ஜக்லூல் கத்துகிறவர் அல்ல. ஒருநாள் காலை ரொட்டியும் பழைய சீஸும் வெங்காயத்தாளும் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். பாதி ரொட்டியைப் பிய்த்து என்னிடம் நீட்டினார்.

“பிஷாரா, பனி போற வரைக்கும்தான்.”

“என்னது, ரயீஸ்?”

“தெரியாத மாதிரி கேக்காத. ரெண்டாவது ரம்பத்துக்கு மட்டும். பசங்க ரெண்டு வாரமா அரைக்கூலி வாங்குறாங்க. ஹம்தான் பொண்டாட்டி வேற ஆஸ்பத்திரில இருக்கா.”

“அயாத் ஞாபகம் இருக்கா உங்களுக்கு?”

“அவனைக் குழியில எறக்குனவன் நான். நீ எனக்கு ஞாபகப்படுத்த வேண்டாம். பனி போற வரைக்கும்னு சொன்னேன்.”

ரொட்டியைத் தின்று முடித்தேன். பிறகு போய் மூன்று துண்டுக் கம்பி வெட்டி, ட்ரிப்பருக்குள் நுழையும் முனையிலிருந்து வெளியேறும் முனைக்கு நேராகப் போட்டு, மூடியை மூடினேன். வெளியே இருந்து பார்த்தால் பெட்டி பெட்டியாகவே இருந்தது. உள்ளே அது எதையும் அறுக்காது. ஐந்து நிமிட வேலை.

நாலு நாள் ரம்பம் நிற்காமல் ஓடியது. ஹம்தான் எனக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தான், நாலு கரண்டி சர்க்கரை போட்டு.

ஐந்தாம் நாள் காலை அவன் அந்த ரம்பத்தின் உடம்பில் கை வைத்தான். மோட்டாருக்குள் போன ஈரப் பொடியால் இரும்பு முழுக்க மின்சாரம் ஏறியிருந்தது. ஹம்தான் சத்தம் போடவில்லை. கை இரும்போடு ஒட்டிக்கொண்டது, முதுகு வில்லாக வளைந்தது. ஜக்லூல் ஜெனரேட்டரை நோக்கி ஓடியதை நான் பார்த்தேன். நான் ஓடவில்லை. ஜெனரேட்டர் நின்றதும் அவன் பின்னால் விழுந்தான், மூச்சு இருந்தது. உள்ளங்கை வெந்திருந்தது.

யாரும் எதுவும் கேட்பதற்கு முன் பெட்டியைத் திறந்து மூன்று கம்பிகளையும் உருவிப் பையில் போட்டுக்கொண்டேன்.

மதியம் ஹாஜ் ஷஹாத்தா காரில் வந்தார். ஹம்தான் கையில் துணி சுற்றிக்கொண்டு கல் அடுக்கின்மேல் உட்கார்ந்திருந்தான்.

“வழுக்கி விழுந்துட்டான்,” என்றார் ஹாஜ். அது கேள்வியும் இல்லை, பதிலும் இல்லை.

“விழுந்துட்டேன், ஹாஜ்,” என்றான் ஹம்தான்.

“சூடான மோட்டார்ல கை பட்டுருச்சு.”

“ஆமா.”

ஹாஜ் என்னைப் பார்த்தார். “உன் நோட்டுல எழுதுறதுக்கு எதுவும் இல்ல, பிஷாரா. சரியா?”

சரி என்றேன்.

மறுநாளே மாதாந்தரப் பார்வைக்கு நக்வா வந்தார். கூட வந்தவர் ஹாஜ் மஹ்ரூஸ், பக்கத்துக் குவாரிக்காரர். அவருக்கும் எங்கள் ஹாஜுக்கும் எல்லைத் தகராறு, ஆறு வருடமாகப் பேச்சு இல்லை. அவரை எங்கள் குவாரிக்குள் விடவேண்டியிருந்ததே ஹாஜ் ஷஹாத்தாவுக்கு வயிற்றெரிச்சல். மஹ்ரூஸ் தண்டவாளத்தைக் காலால் தட்டிப் பார்த்தார், குனிந்து கேபிளைப் பார்த்தார்.

நக்வா என் நோட்டைப் புரட்டினார்.

“முதல் வாரம் முப்பத்தொண்ணு. அடுத்த வாரம் இருபத்தாறு. அப்புறம் ரெண்டாவது ரம்பத்துல நாலு நாளா ஒண்ணுமே இல்லையே!” அவர் முகம் மலர்ந்தது. “என்ன பண்ணுன, பிஷாரா? எர்த் குழியை மாத்துனியா?”

நான் எர்த் குழி இருந்த பக்கம் பார்த்தேன்.

“மத்த குவாரியில எல்லாம் பெட்டியைக் கழட்டி எறியணும்னு சண்டை போடுறாங்க. வியாழக்கிழமை கூட்டத்துக்கு நீ வா. நீ பண்ணுனதை அப்படியே அவங்களுக்குச் சொல்லிக் குடு. பதினாலு இடத்துலயும் அதையே பண்ணிரலாம்.”

திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். பதினான்கு இடத்திலும் அதையே செய்யலாம் என்று அவர் சொன்னதும் பையில் கை விட்டேன். கம்பிகள் இன்னும் அங்கேதான் கிடந்தன. எடுத்து நோட்டின்மேல் வைத்தேன்.

“இதைத்தான் பண்ணுனேன், உஸ்தாதா. பெட்டியைத் தாண்டிப் போட்டேன். ஹம்தான் விழல. அவனுக்கு ஷாக் அடிச்சுது.”

“வாயை மூடுடா!” என்றார் ஹாஜ் ஷஹாத்தா.

“அயாத் மிதிச்ச ஜாயின்ட்டும் நான் போட்டதுதான்,” என்றேன். அதை அப்போது சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. வாயில் வந்துவிட்டது.

நக்வா கம்பிகளை எடுத்துப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் இறங்கியதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. “எழுதிக் குடு,” என்றார். “தேதி போட்டு. யார் சொன்னாங்கன்னு வேண்டாம். என்ன நடந்துச்சுன்னு மட்டும்.”

அவர் போன பிறகு ஹம்தான் வந்தான். கட்டுப் போட்ட கையாலேயே என் நெஞ்சில் தள்ளினான்.

“எனக்காகப் பேசச் சொல்லி யார்ரா உன்னைக் கேட்டா? குவாரியை மூடிட்டா என் பொண்டாட்டி மருந்துக்கு நீ குடுப்பியா? உன் மனசு லேசாகணும்னு எங்க தலையில கல்லைப் போட்டுட்ட.”

அவன் சொன்னதில் பாதி உண்மை.

வியாழக்கிழமை ஆற்றைக் கடந்து சங்கக் கட்டடத்துக்குப் போனோம். பதினான்கு முதலாளிகள், அவர்கள் எலக்ட்ரீஷியன்கள், நக்வா. நான் எழுதியதை நக்வா உரக்க வாசித்தார். ஹாஜ் ஷஹாத்தா மேசையைப் பார்த்தபடி இருந்தார். அவர் கழுத்து சிவந்திருந்தது.

“விதி தெளிவா இருக்கு. மறைச்சாச்சு. அவரை வெளிய அனுப்புங்க,” என்றார் ஒருவர்.

அப்போது மஹ்ரூஸ் தொண்டையைச் செருமினார். எங்கள் ஹாஜை மட்டம் தட்டக் கிடைத்த வாய்ப்பை விடமாட்டார் என்றுதான் நினைத்தேன்.

“அனுப்புறதுன்னா என்னையும் சேர்த்து அனுப்பு,” என்றார். “என் ரெண்டு ரம்பத்துலயும் கம்பிதான் ஓடுது. நானே போடச் சொன்னேன். உன் குவாரியில போடலையா? உன் தாடி மேல சத்தியம் பண்ணு பார்ப்போம்.”

மூலையில் ஒருவர் சிரித்தார். கம்பி போட்டவர்களைக் கை தூக்கச் சொன்னார் நக்வா. ஒவ்வொன்றாக ஒன்பது கைகள் எழுந்தன.

“ஒன்பது பேரை அனுப்பிட்டா நான் யாரோட ஒப்பந்தம் வச்சுக்கிறது?” என்றார் நக்வா. கோபமாகத்தான் சொன்னார். பிறகு எலக்ட்ரீஷியன்கள் பக்கம் திரும்பினார். “பெட்டி ஏன் விழுதுன்னு இவங்ககிட்ட நான் கேக்கல. உங்ககிட்ட கேக்குறேன்.”

எங்களிடம் யாராவது கேட்பது அதுதான் முதல் தடவை. எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினோம். கேபிள் தரையில் கிடக்கக் கூடாது. மரக்கால் நட்டு மேலே தூக்க வேண்டும். ஒட்டுப் போட்ட கேபிளை எறிந்துவிட்டு, ஒட்டில்லாத ரப்பர் கேபிள் போட வேண்டும். மோட்டாருக்கு மூடி வேண்டும். கடைசியில் நான் சொன்னேன்: பெட்டி விழுந்து ரம்பம் நிற்கும் நேரத்துக்கும் கூலி கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ஆட்களே கம்பி போடுவார்கள், நான் போடாவிட்டாலும்.

கேபிளுக்குக்கூட முதலாளிகள் தலையாட்டினார்கள். கூலி என்றதும் கூச்சல் கிளம்பியது. இரண்டு மணி நேரம் நடந்தது. கேபிள் விலையில் ஒரு பங்கை அலுவலகம் ஏற்கும் என்று நக்வா எழுதிக் கொடுத்தார். மூன்று பேர் எழுந்து போய்விட்டார்கள். அதன் பிறகுதான் நின்ற நேரக் கூலியும் ஒப்பந்தத்தில் ஏறியது. ஹாஜ் ஷஹாத்தாவும் போவார் என்று நினைத்தேன். மஹ்ரூஸ் உட்கார்ந்திருந்ததால் இவரும் உட்கார்ந்திருந்தார் என்பது என் எண்ணம். கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தவர், “வண்டியில ஏறு,” என்று மட்டும் சொன்னார். வேலையை விட்டு என்னை அனுப்பவில்லை.

வெளியேறிய மூன்று குவாரிகளுக்கு நக்வா பழையபடி அபராதப் புத்தகத்தோடு போனார். அதில் ஒன்றில் மார்ச் மாதம் ஓர் ஆள் செத்தான். அவன் பெயர் எனக்குத் தெரியாது. எங்கள் பதினொன்றில் அதுவரை யாரும் சாகவில்லை. அதற்குமேல் என்னால் சொல்ல முடியாது.

ஏப்ரலில் ஒருநாள், பனியோ ஈரமோ இல்லாத காலையில், ரம்பம் சட்டென்று நின்றது. ஹம்தான் வழக்கம்போல் பெட்டியின் பரம்பரையையே திட்டினான். இரண்டு மாதமாக அவன் என்னிடம் திட்டுவதற்குத்தான் பேசினான். நான் கேபிளைத் தடவிக்கொண்டே போனேன். மரக்காலிலிருந்து ஓரிடத்தில் நழுவியிருந்தது. ரம்பப் பல் ரப்பரைக் கீறி, செம்பு தண்டவாளத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஹம்தான் இன்னும் அந்தத் தண்டவாளத்தில்தான் கை ஊன்றிக் குனிந்திருந்தான்.

“இங்க வா,” என்றேன்.

வந்து பார்த்தான். செம்பைப் பார்த்தான், தண்டவாளத்தைப் பார்த்தான், தன் கையைப் பார்த்தான். வெந்த இடத்தில் தோல் இன்னும் இளஞ்சிவப்பாக இருந்தது. வாயில் சேர்ந்திருந்த பொடியைத் துப்பினான்.

“எவ்வளவு நேரம் ஆகும் மாத்த?”

“முக்கால் மணி.”

“சீக்கிரம் பண்ணு,” என்று சொல்லிவிட்டு நிழலில் போய் உட்கார்ந்தான். நான் ஜெனரேட்டரை நிறுத்திவிட்டுப் புதுக் கேபிள் எடுக்கப் போனேன்.