மூச்சு வாங்கும் இடம்

வங்கிக்கோ மருத்துவமனைக்கோ தொலைபேசியில் அழைத்தால், "தயவுசெய்து காத்திருக்கவும்" என்று கனிவாகச் சொல்கிற குரல் சித்தியுடையது. ஊரையே காக்க வைத்த வாய் என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். அந்த வாய் இப்போது ஒரு கவிதைத் தொகுப்பை ஒலிப்புத்தகமாகப் படித்துக்கொண்டிருந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பதிவு செய்தவள் அக்கா மகள். முப்பதை எட்டியும் வீட்டில் அவள் பெயர் குட்டிதான். தொற்றுக் காய்ச்சலில் அக்கா இறந்தபோது குட்டிக்கு ஐந்து வயது. அன்றிலிருந்து வளர்த்தது சித்தி.

கவிஞரைச் சித்தி நேரில் பார்த்ததில்லை. ஆனால் அக்கா இறந்த ஆண்டு கைக்கு வந்த அந்தப் புத்தகம், அட்டை கிழிந்து மறுபடி பைண்டு செய்யும் அளவுக்கு அவளோடு இருந்தது. அதில் கமாவும் கிடையாது, முற்றுப்புள்ளியும் கிடையாது. எங்கே நிறுத்துவது என்பது படிக்கிறவர் பாடு.

காலையிலிருந்து தடங்கல் இல்லாமல் போன வேலை ஒரு சின்னக் கவிதையில் வந்து நின்றது.

"பெட்டியில் ஒன்றும் இல்லை
படியில் நின்று பார்க்கிறேன்
விளக்கை அணைக்காதே போகிறேன்"

"சித்தி, கடைசி வரியில மூச்சு வாங்கிட்ட" என்றாள் குட்டி.

"வாங்கத்தான் வேணும். விளக்கை அணைக்காதே. அப்புறம், போகிறேன். போறவ இருக்கிறவகிட்ட சொல்லிட்டுப் போறா."

"நான் அப்படிப் படிச்சதே இல்ல. அணைக்காதே போகிறேன்னா, அணைக்காமலே போகிறேன். ஒரே மூச்சு."

சித்திக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடமாக அது அக்காவின் குரல். சாகும்போது அக்காவால் பேச முடியவில்லை. சொல்ல நினைத்ததைத்தான் யாரோ ஒரு கவிஞர் எழுதிவிட்டார் என்று அவள் நம்பியிருந்தாள். தன்னைப் பெண் பார்க்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பியபோதெல்லாம் மனசுக்குள் அந்த வரியைத்தான் சொல்லிக்கொண்டாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது வாய் முந்திக்கொண்டது.

"விளக்கு நீதான்டி. உன்னை அணைய விடக்கூடாதுன்னு உங்கம்மா எனக்குச் சொன்னது அது."

குட்டி காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள்.

"அப்ப நான் உனக்கு ஏவின வேலையா?"

சித்தி பொய் சொல்லத் தெரியாதவள். "ஆரம்பத்துல" என்றாள்.

குட்டி தரையில் உட்கார்ந்தாள். "எனக்கும் அது அம்மாதான். ஆனா வேற மாதிரி. ஆஸ்பத்திரி வாசல்ல நான் கையை நீட்டினேன். அம்மா என்னை அணைக்காமதான் உள்ள போனா. தொத்திக்கும்னு பயந்துதான்னு பின்னாடி புரிஞ்சுது. புரியறது வேற, ஆறுறது வேற."

சித்தி புத்தகத்தைப் பார்த்தாள். அணைப்பது என்றால் கட்டிக்கொள்வதும்தான். அது அவளுக்குத் தோன்றவே இல்லை. குரலைத் தாழ்த்தி, மூச்சு வாங்காமல் ஒருமுறை படித்தாள். விளக்கை அணைக்காதே போகிறேன். கட்டிக்கொண்டிருந்தால் அந்த விளக்கு அணைந்திருக்கும். அதனால் கட்டிக்கொள்ளாமலே போனாள். அக்கா யாருக்கும் எந்தக் கட்டளையும் இடவில்லை. தன் கையைக் கட்டிக்கொண்டு, எரிய விட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

மூன்றே சொல். அதற்குள் இத்தனை பேர் எப்படி இருந்தார்கள்?

"எழுதினவங்களையே கேட்டுடலாம்" என்று குட்டி போனைப் போட்டாள். கவிஞர் இருமிக்கொண்டே முழுக் கதையையும் கேட்டார்.

"உள்ளதைச் சொல்றேம்மா. வாடகை வீட்டைக் காலி பண்ணின அன்னைக்கு எழுதினது. வீட்டுக்காரர் வந்து பார்க்கணும்னு விளக்கைப் போட்டே வெச்சுட்டு வந்தேன். என் விளக்கு வெறும் விளக்குதான்." மறுபடி இருமினார். பிறகு, "நான் வெறும் வீட்டைத்தான் விட்டுட்டு வந்தேன். நீங்க ரெண்டு பேரும் அதுல குடியிருந்திருக்கீங்க" என்றார்.

போனை வைத்தபின் சித்தி எழுந்து, நாற்காலியைக் குட்டிக்கு விட்டாள்.

"இந்த ஒண்ணை நீ படி."

"என் குரல் நல்லா இருக்காது சித்தி."

"இருக்கிற குரல்ல படி."

சித்தி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய், ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். குட்டி படித்தாள். கடைசி வரி ஒரே மூச்சில் வந்தது, கொஞ்சம் நடுங்கினாலும் உடையாமல். தான் வளர்த்த பெண்ணின் குரலைச் சித்தி முதன்முதலாகக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டே நின்றாள்.

"பதிவாச்சா சித்தி?"

சித்தி மேசையைப் பார்த்தாள். எந்தப் பொத்தானையும் அவள் தொடவே இல்லை.

"இல்லடி" என்றாள். "இன்னொரு தடவை படி."