இரண்டாவது வாசகன்

கண்ணாடிக்காரருக்கு ஒரே ஒரு கர்வம். எண்ணூறு வருடத்துக்கு முந்தைய ஒரு போர்க்காவியத்தை அந்த ஊரிலேயே படிக்கிற ஒரே ஆள் தான்தான் என்பது. கடைக்கு வருகிறவர்களின் மூக்கில் லென்ஸை மாற்றி மாற்றி வைத்து "இது தெளிவா, அது தெளிவா" என்று கேட்கிற நேரம் போக, பதினெட்டு வருடமாக அவருக்கு அதுதான் வேலை. எத்தனை யானை, எத்தனை தேர் என்று நான்கு நோட்டு நிறையக் குறிப்பு வைத்திருந்தார். இந்தக் காலத்தில் யார் இதையெல்லாம் படிக்கிறார்கள் என்று சாப்பாட்டு மேசையில் அலுத்துக்கொள்ளாத நாள் கிடையாது.

அந்தப் புத்தகம் கடைகளில் கிடைக்காது. நூலகத்தில் ஒரே பிரதி. ஐந்து வருடத்துக்கு முன் அங்கே ஒரு விதி வந்தது. ஐந்து வருடத்தில் ஒருவருக்கு மேல் எடுக்காத புத்தகத்தைக் கழித்துவிடுவார்கள். எடுத்தவர் கேட்டால் அவருக்கே கொடுத்துவிடுவார்கள். கண்ணாடிக்காரர் நாள் எண்ணிக் காத்திருந்து, ஐந்து வருடம் முடிந்த மறுநாளே போய் நின்றார்.

நூலகர் உதட்டைப் பிதுக்கினார். போன மாதம் இன்னொருவர் எடுத்துப் போய்விட்டாராம். இரண்டு பேர் எடுத்த புத்தகத்தைக் கழிக்க முடியாதாம்.

"யார் அந்த ஆள்?"

"உங்க மச்சினன்தான் சார். லிஃப்ட் ரிப்பேருக்கு வந்தார். பார்ட்ஸ் வர்ற வரைக்கும் சும்மா உக்காந்திருந்தாரேன்னு நான்தான் குடுத்தேன்."

கண்ணாடிக்காரரால் நம்ப முடியவில்லை. காவியத்தைப் பற்றி அவர் வாயைத் திறந்தாலே தாடை கழன்றுவிடும்படி கொட்டாவி விடுகிறவன், மனைவியின் தம்பி! நூலகர் இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார். எடுத்தேன், ஆனால் படிக்கவில்லை என்று மச்சினன் எழுதிக் கொடுத்தால் அந்தக் கணக்கை விட்டுவிடலாம்.

படித்திருக்கவே மாட்டான் என்ற தைரியத்தில் நேரே மச்சினன் வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்தது மச்சினன் மனைவி. சண்டை போட்டுக்கொண்டு தன் அக்கா வீட்டுக்குப் போய் நாலு மாதமாகத் திரும்பாமல் இருந்தவள். "வாங்கண்ணா" என்று சொல்லிவிட்டு, கட்டிலில் குவிந்திருந்த துணியை மடிக்கப் போனாள். அவள் எப்போது வந்தாள் என்று கேட்கக்கூட அவருக்கு அப்போது தோன்றவில்லை.

"எது வரைக்கும் படிச்சே மாப்ளே?" என்றார், உட்காருவதற்கு முன்பே.

"யானை வர்ற இடத்தையெல்லாம் தள்ளிட்டேன் மாமா."

அவருக்குச் சுருக்கென்றது. மச்சினன் அதைக் கவனிக்கவில்லை.

"கடைசியில ஜெயிச்சுட்டு வீட்டுக்கு வர்றான் பாருங்க, அங்கதான் மாட்டிக்கிட்டேன். அவ்வளவு பெரிய படையை விரட்டினவன், சொந்த வீட்டுக் கதவைத் தட்டப் பயந்துக்கிட்டு நாலு பாட்டு நிக்கிறான். நானும் இவ அக்கா வீட்டு வாசல்ல மூணு தடவை நின்னுட்டுத் திரும்பினவன்தானே. இவன் எண்ணூறு வருஷமா தட்டாமலே நிக்கிறானே, நாமளாவது தட்டிருவோம்னு போனேன்."

அந்த நாலு பாட்டையும் கண்ணாடிக்காரருக்குத் தெரியும். யாரோ பிற்காலத்தில் நுழைத்தது என்று நோட்டில் சிவப்பு மையால் அடித்து வைத்திருந்தார். பதினெட்டு வருடம் தன்னிடம் வாயே திறக்காத புத்தகம் இவனிடம் மட்டும் எப்படிப் பேசியது?

வந்த காரியத்தைச் சொன்னார். மச்சினன் மறுபேச்சு பேசவில்லை. வேலைச்சீட்டின் பின்பக்கத்தில் மளமளவென்று எழுதி, கையெழுத்தும் போட்டு நீட்டினான். "நீங்களே வச்சுக்குங்க மாமா. எனக்கு அந்த நாலும் மனப்பாடம்."

வாங்கப் போன கண்ணாடிக்காரரின் கை பாதி வழியில் நின்றது. "சொல்லு பார்ப்போம்."

மச்சினன் உதிரிபாகப் பட்டியல் வாசிக்கிற குரலில் சொன்னான். ராகம் இல்லை, பாவம் இல்லை. ஆனால் அவன் மனைவி மடித்துக்கொண்டிருந்த சட்டையை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்காரர் பாட ஆரம்பித்தால் அவர் மனைவிக்கு அடுப்படியில் ஏதாவது வேலை வந்துவிடும்.

"மூணாவது பாட்டுல தப்பு இருக்கு," என்றார். தப்பே இல்லை.

"எங்க மாமா? சொல்லுங்க, திருத்திக்கிறேன்."

வாயைத் திறந்தார். முதல் சொல்கூட வரவில்லை. அடித்துப் போட்டதை யார் மனப்பாடம் செய்வார்கள்?

"புத்தகத்தைப் பார்த்துத்தான் சொல்லணும்," என்று சமாளித்தார். மச்சினன் எழுதியதை வாங்காமலே எழுந்தார். "படிச்சு முடிச்சுட்டு நூலகத்துலயே குடுத்துரு. அடுத்து எனக்குன்னு சொல்லி வச்சுட்டுப் போறேன்."

"அடுத்து நான்ணா," என்றாள் அவள். "பதிவு பண்ணிட்டேன்."

அவர் படியிறங்கும்போது உள்ளே இருவரும் எதற்கோ சிரித்தார்கள். தன்னைப் பார்த்துச் சிரித்தால்கூடப் பரவாயில்லை, அந்தப் பாட்டைப் பற்றிப் பேசிச் சிரிக்காமல் இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டே அவர் தெருவில் இறங்கி நடந்தார்.