கை கூப்பாதவன்

2009, வைகாசி கருட சேவை. சின்ன காஞ்சிபுரத்துக் கூட்டத்தின் தலைக்கு மேலே ஒரு பொம்மை விமானம் உறுமிக்கொண்டு சுற்றியது. ரிமோட்டில் எது பறந்தாலும் ஓட்டுகிறவனைப் பிடித்தாக வேண்டும் என்று அந்த வருஷம் மேலிடத்து உத்தரவு. போலீஸ்காரர்கள் அண்ணாந்தபடி விமானத்தின் பின்னாலேயே ஓடி ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொண்டார்கள். ஏட்டு தேவசகாயம் மட்டும் நின்ற இடத்திலிருந்தே கூட்டத்தைப் பார்த்தார். பெருமாள் வருகிற நேரம். அத்தனை பேர் கையும் தலைக்கு மேலே குவிந்திருந்தது. எவன் கை வயிற்றருகே இருக்கிறதோ, அவன்தான் ஆள்.

ஆள் கிடைத்தான். வக்கீல் முரளீதரனின் மகன் ஸ்ரீவர்தன், சென்னையில் இன்ஜினியரிங் படிப்பவன். போலீஸைக் கண்ட பதற்றத்தில் அவன் விமானத்தைக் குட்டையில் விட்டான். பக்கத்தில் நின்ற பைக் மெக்கானிக் கிறிஸ்டோபர், பாவமே என்று இறங்கி எடுத்து வந்து கொடுத்தான். தேவசகாயம் இரண்டு பேரையும் ஸ்டேஷனுக்கு அழைத்து வந்தார்.

மதியத்துக்குள் எல்லாம் தலைகீழ். முரளீதரன் வந்து இன்ஸ்பெக்டர் சிட்டிபாபுவின் காதில் ஏதோ சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஸ்ரீவர்தனுக்கு நாற்காலி, காபி. கிறிஸ்டோபர் சட்டையில்லாமல் தரையில் கிடந்தான்; கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தது.

"சார், ரிமோட்டு இந்தத் தம்பி கையில இருந்தத நானே பார்த்தேன்" என்றார் தேவசகாயம்.

"அந்தக் கூட்டத்துல என்னாய்யா தெரியும் உனுக்கு? ஈரத்தோட விமானத்தைத் தூக்கிக்கினு நின்னவன் இவன்தானே?" பஜ்ஜி எண்ணெய் துடைத்த காகிதத்தாலேயே சிட்டிபாபு வாயையும் துடைத்துக்கொண்டார்.

தேவசகாயம் விடவில்லை. "அப்போ இவனை ஓட்டிக் காட்டச் சொல்லுங்க சார்."

சிட்டிபாபு சிரித்துக்கொண்டே ரிமோட்டைத் தரையில் தள்ளினார். கிறிஸ்டோபர் அதை எடுத்து ஏதோ ஒன்றைத் திருகினான்.

"ஐயோ, அதைத் திருகாதே!" ஸ்ரீவர்தன் துள்ளி எழுந்தான். "முதல்ல ஆன்டெனாவை இழுக்கணும், அப்புறம்தான் ஸ்விட்ச்! எனக்கு லண்டன்லேர்ந்து வந்தது அது!"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். அறையில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். அப்பாடா என்றிருந்தது தேவசகாயத்துக்கு.

சிட்டிபாபு அசரவில்லை. "பார்த்தியாய்யா, தம்பிக்கு எவ்ளோ விவரம் தெரியுது! இந்தக் கேஸுக்கு இவரையே சாட்சியா போட்டுடலாம். எழுது."

"சரி அங்கிள்" என்று ஸ்ரீவர்தன் மறுபடி உட்கார்ந்தான். வெட்கம் என்பது மருந்துக்குக்கூட இல்லை.

"எனக்குக் கை வராது சார். வேற ஆளை எழுதச் சொல்லுங்க" என்றார் தேவசகாயம். த்தூ என்று அங்கேயே துப்பவேண்டும் போலிருந்தது. அவர் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த மேஜைக்காரன் பேனாவைத் திறந்துவிட்டான்.

கிறிஸ்டோபர் அவர் காலைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, நான் எடுத்தாந்து குடுத்தப்போ அவரே தேங்ஸ் சொன்னாருண்ணே. வேணும்னா கேட்டுப் பாருங்க."

ஸ்ரீவர்தன் காபியை ஆற்றிக்கொண்டிருந்தான்.